முடவன் முழுக்கு

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன், "ஆகா! விடுமுறைக்கு வந்தால் அருவியில் நீராடலாமே" என்று மகிழ்பவர் பலர். அவர்கள் எண்ணுவது தென்காசிக்கு அருகிலுள்ள குற்றாலத்தை. எங்களுடையது குத்தாலம். பெயரில் வேறுபடுபவை இரண்டு எழுத்துகள்தாம். ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ளவை பல நூறு கிலோமீட்டர். எங்களிடம் மலையும் இல்லை, அருவியும் இல்லை. காவிரி இருக்கிறது, அதன் இரு மருங்கும் நெல் வயல்கள் இருக்கின்றன. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றின் நடுவே அமைந்த திட்டு. தேவார மூவரும் பாடிய ஊர் இது. முன்னர்த் தஞ்சை மாவட்டத்தில் இருந்து, பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்து, 2020ஆம் ஆண்டு திசம்பர் முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் ஆறு மாறவில்லை.

மலைவாழிடங்களுக்குச் செல்வோர் கோடையைத் தேடுவர். எங்கள் பகுதியில் குடும்பங்கள் கூடும் காலம் புரட்டாசியும் ஐப்பசியும் ஆகும். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை வரும். நவராத்திரி வரும், ஆயுத பூசையும் விசயதசமியும் வரும், அடுத்துத் தீபாவளி வரும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணி செய்வோர் வீடு திரும்புவர். ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறையில் துலா நீராட்டு நடைபெறும். மழைக்கென மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறையும் இடையிடையே வந்து சேரும். அந்த அறிவிப்பைக் கேட்டு மாணவர் அடையும் மகிழ்ச்சியை நான் விரிக்க வேண்டியதில்லை.

இத்தனை விடுமுறையும் யாருக்கு? இதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன்.

ஆயுத பூசையன்று நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கலப்பையும் மண்வெட்டியும் அரிவாளும் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. தச்சருடைய உளிக்கும் தையற்காரருடைய கத்தரிக்கும் ஓய்வு. உந்து வண்டிகள் மாலை சூடி நிற்கின்றன. நூல்களையும் அடுக்கி வைத்து, அன்று படிக்கலாகாது என்று விட்டுவிடுகிறோம். இந்த விதியை மட்டும் எவரும் மீறியதாக நான் அறியேன். அடுக்களைக் கருவிகளுக்கும் அன்று பொட்டு வைக்கிறார்கள். அரிவாள்மணைக்குப் பொட்டு, அம்மிக்குப் பொட்டு, மாவரைக்கும் இயந்திரத்திற்கும் பொட்டு. ஆனால் அவற்றிற்கு ஓய்வு உண்டா? வடைக்கு மாவு அரைத்தாக வேண்டும். சுண்டலுக்குத் தேங்காய் துருவியாக வேண்டும். வைத்த பொட்டு ஈரம் உலருமுன் அவை உழைக்கத் தொடங்கிவிடுகின்றன. நாட்டிலுள்ள கருவிகளெல்லாம் இளைப்பாறும் அந்நாளில் இவை மட்டும் ஏன் இரட்டிப்பாக உழைக்கின்றன என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளியும் அவ்வாறே. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்க நம்மை எழுப்புபவர் நமக்கு முன் எழுந்திருக்க வேண்டும் அன்றோ? முதல் நாள் நள்ளிரவு வரை முறுக்குப் பிழிந்தவரும் அவரே. நாம் புத்தாடை உடுத்தி வெடி கொளுத்தித் தெருவில் நிற்கும்போது அவர் ஈரத் தலையைத் துவட்டவும் நேரமின்றி அடுப்படியில் நிற்கிறார். "பண்டிகை என்றால் அப்படித்தான், அதில் அவருக்கும் மகிழ்ச்சி உண்டு" என்று சிலர் விடை கூறுவர். மகிழ்ச்சி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியை அவர் நின்றுகொண்டுதான் அடைய வேண்டுமா?

பழைய காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அக்காலத்து அடுப்பு இக்காலத்து அடுப்பைவிடக் கொடியது, புகை நிறைந்தது. எனினும் பழைய வழக்கம் ஒன்றில், இப்போது நாம் மறந்து வரும் நல்ல கருத்து ஒன்று அடங்கியிருக்கிறது. அதை எங்கள் பகுதியாரே சரிவர நினைப்பதில்லை. ஆதலால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஐப்பசித் திங்களுக்குத் துலா மாதம் என்று பெயர். அம்மாதத்தில் கங்கை முதலிய ஆறுகள் எல்லாம் தம் மாசு நீங்கக் காவிரியில் வந்து கலக்கின்றன என்பது புராண வரலாறு. ஆகவே மயிலாடுதுறையிலுள்ள துலாக்கட்டத்தில் மாதம் முழுவதும் மக்கள் நீராடுவர். ஆற்றின் நடுவே நந்தி மண்டபம் ஒன்று இருக்கிறது. மாதத்தின் இறுதி நாள் கடைமுகம் எனப்படும். கடைமுழுக்கு என்றும் சொல்வர். அன்று மயூரநாதரும் பிற கோயில் இறைவர்களும் துறைக்கு எழுந்தருள்வர். கூட்டம் கரை கொள்ளாது. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்னும் பழமொழியை அன்று ஒருவரேனும் உங்கள் காது கேட்கச் சொல்லாமல் இரார்.

அக்காலப் பெண்களுக்கு இந்நீராட்டு எவ்வளவு அரியது என்பதை இன்று உணர்வது கடினம். வீட்டை விட்டு வெளியே செல்ல அவர்களுக்கு வாய்த்த நாள்கள் மிகச் சில. புண்ணியத்தின் பெயரால் கிடைத்த விடுமுறையே அவர்களுக்குக் கிடைத்த விடுமுறை. அண்டை வீட்டாருடன் சேர்ந்து புறப்படுவர், வழியெல்லாம் பேசுவர், நீராடி, வளையல் கடையைப் பார்த்து, மாலையில் திரும்புவர். அதைத் தடுக்க எவருக்கும் வாய் எழாது. ஆற்றின்மீது அவர்கள் கொண்ட பற்றில் பாதி, அந்த ஒரு நாள் உரிமையின்மீது கொண்ட பற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைமுகத்தோடு நீராட்டு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடிவதில்லை. கார்த்திகை முதல் நாளும் நீராட்டு உண்டு. அதற்கு முடவன் முழுக்கு என்று பெயர். கால் ஊனமுற்ற ஒருவர் துலா நீராட்டின் சிறப்பைக் கேட்டுத் தம் ஊரிலிருந்து புறப்பட்டாராம். பிறர் விரைந்து நடந்தனர், அவரால் இயலவில்லை. ஊர்ந்து ஊர்ந்து அவர் துறையை அடைந்தபோது ஐப்பசி கழிந்துவிட்டது. விழா முடிந்து மக்கள் கலைந்துவிட்டனர். அவர் மனம் உருகி முறையிட, "இன்று நீராடினும் அதே பயன் உண்டு" என்று இறைவன் அருளினான் என்பர். கதையை நம்புவோர் நம்பலாம்; கதையாகவே கொள்வோர் அவ்வாறே கொள்ளலாம். காலண்டரை ஒரு நாள் தள்ளி வைத்து, மெல்ல நடப்பவர் ஒருவருக்காகக் காத்திருந்த விழா வேறு எங்கேனும் உண்டா என்று நான் வியப்பதுண்டு.

இதன் பொருள் எனக்கு விளங்கியது எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியால். அப்போது மயிலாடுதுறைக்கு அப்பெயர் வரவில்லை. 1982ஆம் ஆண்டில்தான் அது வந்தது. நாங்கள் மாயவரம் என்போம். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். ஒவ்வோர் ஆண்டும் கடைமுகத்தன்று தந்தையார், சிற்றப்பன்மார், சிறுவர்கள் எல்லோரும் காலைப் புகைவண்டியில் செல்வோம். ஓர் ஆண்டு என் பாட்டியார்க்கு இடுப்பு வலி. நாங்கள் அவரை அப்பாயி என்று அழைப்போம். வண்டியில் ஏற இறங்க அவரால் முடியாது. தனியே விட்டுச் செல்லவும் கூடாது. ஆகவே அம்மா துணைக்கு இருந்துவிட்டார். நாங்கள் புறப்படும்போது எங்களுக்குக் கட்டுச்சோறு கட்டித் தந்தவரும் அம்மாதான். நாங்கள் சென்றோம், நீராடினோம், கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைத்துத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்தபோது வெந்நீரும் சுடுசோறும் ஆயத்தமாக இருந்தன. அவற்றைக் குறித்து எவரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

அன்றிரவு அம்மா, "நாளைக்கு முடவன் முழுக்கு. நாம் இரண்டு பேரும் போய்விட்டு வருவோம், அத்தை" என்று பாட்டியாரிடம் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூண்டு வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்துப் பாட்டியாரைப் படுக்க வைத்தனர். வண்டிக்காரர்க்குத் துணையாக என்னையும் ஏற்றிக்கொண்டனர்.

துலாக்கட்டத்தில் முந்திய நாளைய நெருக்கம் இல்லை. அன்று வந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலனாயிற்று. தடியூன்றிய முதியவர்கள் வந்திருந்தனர். கைக்குழந்தையோடு தாய்மார் வந்திருந்தனர். கண் தெரியாத தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் படியிறங்கினாள். எங்கள் ஊரிலேயே வயல் வேலை செய்யும் ஒரு குடும்பம், முந்திய நாள் நடவு இருந்ததால் வர இயலாமல், அன்று வந்திருந்தது. எல்லோரும் முதல் நாள் விடப்பட்டவர்கள்.

அம்மா பாட்டியாரை மெல்ல நீராட்டினார், தாமும் நீராடினார். பிறகு இருவரும் படியில் அமர்ந்தனர். கால் இரண்டும் நீரில் இருந்தன. நிலக்கடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றபடி, அம்மா தம் பிறந்த ஊரின் வாய்க்காலில் நீந்திய கதையைச் சொன்னார். அவருக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவர் அப்படி அமர்ந்திருந்தார். அம்மா ஒரு வேலையுமின்றி அமர்ந்திருந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு கடைமுகம் நெருங்கியபோது, "எல்லோரும் முடவன் முழுக்குக்கே போவோம்" என்றார் தந்தையார். கடைமுகத்தின் பலன் போய்விடுமே என்று என் சிற்றப்பனார் தயங்கினார். "முடவனுக்குக் கிடைத்தது உனக்குப் போதாதா, தம்பி?" என்றார் பாட்டியார். அதன்பின் அவர் இருந்தவரை நாங்கள் சென்றது கார்த்திகை முதல் நாளில்தான். கட்டுச்சோறும் முன்போல் இல்லை. துறைக்கு அருகிலுள்ள உணவு விடுதியில் இட்டலி தின்றோம். அது வீட்டு இட்டலி போல இல்லை என்று சிற்றப்பனார் ஒவ்வோர் ஆண்டும் குறை கூறுவார். குறை கூறிக்கொண்டே எட்டு இட்டலி தின்பார்.

ஒரு குடும்பம் சேர்ந்து செல்வது என்றால், அதில் எவர் வருவது மிக அரியதோ, அவரைக் கொண்டே நாளையும் வழியையும் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று நடப்பது வேறு. மகிழுந்தில் ஐந்து பேர் அமரலாம். வீட்டில் ஆறு பேர் இருந்தால், "வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே" என்கிறோம். அந்த ஆள் எப்போதும் பாட்டியார்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே பூட்டு இருக்கிறது?

எங்களுக்கு அருகில் பார்க்கத் தக்க இடங்கள் குறைவல்ல. கம்பர் பிறந்த தேரழுந்தூர் பக்கத்து ஊரே. மயிலாடுதுறை சென்று வேறு பேருந்து ஏறினால் தரங்கம்பாடி. அங்கே டேனியர் 1620ஆம் ஆண்டில் கட்டிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. தமிழை அச்சிலேற்றிய சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் வந்திறங்கிய கரையும் அதுவே. பூம்புகாரும் தொலைவில்லை. இவற்றைக் காண ஒரு நாள் போதும். ஆனால் "எட்டு மணிக்குள் கிளம்பினால்தான் எல்லாம் பார்க்கலாம்" என்று நாம் பறப்பதால், புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டுவதற்கு வீட்டில் ஒருவர் மூன்று மணிக்கே எழுகிறார். தரங்கம்பாடியில் நாம் கோட்டையைப் பார்க்கும்போது, அவர் நிழலில் அமர்ந்து கண்ணயர்கிறார். மூன்று இடம் பார்க்காமல் ஓர் இடம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கோட்டை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். புளிக்காய்ச்சலை முதல் நாள் மாலையிலேயே நாம் காய்ச்சி வைக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவர்க்கு அது இயலாத கலையன்று. வேதியியல் ஆய்வகத்தில் இதைவிடக் கடினமானவற்றைச் செய்கிறீர்கள்.

உணவு விடுதியில் உண்பது, வெளியூரில் அறை எடுத்துத் தங்குவது ஆகியவற்றைச் சிலர் ஆடம்பரம் என்று பழிப்பர். நான் அவர்கள் பக்கம் இல்லை. இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருக்க அம்மாவுக்கு அதுவே வழியென்றால், அது துலா நீராட்டுக்கு இணையானது. செலவு கூடும் என்பது உண்மை. பட்டாசில் பாதியைக் குறைத்தால் அதற்கு ஈடாகும்.

விடுமுறை என்பது ஒருவர் மனமுவந்து தரும் கொடையன்று. உழைப்பவரின் உரிமை என்று உலகம் உணர்ந்தது அண்மைக் காலத்தில்தான். பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டில் தொழிலாளர் அனைவர்க்கும் ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. அவ்வாண்டுக் கோடையில், குறைந்த கட்டணச் சீட்டில் புகைவண்டி ஏறி, வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் பல. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும், ஓர் ஆண்டில் குறைந்தது 240 நாள் உழைத்தவர்க்கு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் ஊதிய விடுப்பையும் தந்தது. நல்ல சட்டம். ஆனால் அது ஆலைக்குள் நிற்பவர்க்கு உரியதாக இருந்தது. சேற்றில் நிற்பவர்க்கும் அடுப்படியில் நிற்பவர்க்கும் அதில் இடமிருந்ததில்லை.

எங்கள் வட்டாரத்தில் ஐப்பசி என்பது வேலை மிகுந்த மாதம். குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவு தொடங்கும் காலம் அது. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நடவிலும் சிற்சில இடங்களில் வந்திருக்கிறது. எனினும் குனிந்து நாற்று நடும் பெண்களை இன்றும் காணலாம். பள்ளிக்கு மழை விடுமுறை என்று நீங்கள் துள்ளும் நாள், அவர்களுக்குக் கூலி இல்லாத நாள். உங்கள் வகுப்பிலேயே, விடுமுறை முடிந்து திரும்பி, "எங்கே போனாய்?" என்னும் கேள்விக்கு விடை சொல்லாமல் குனிந்துகொள்ளும் தோழர் ஒருவர் இருக்கக்கூடும். அக்கேள்வியைக் கேட்குமுன் சற்று நினையுங்கள். "விடுமுறையில் நான் சென்ற இடம்" என்று கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்களும் நினைக்கலாம். நானும் அத்தலைப்பைக் கொடுத்திருக்கிறேன், பலமுறை.

இனிப் பிறந்த நாளைப் பற்றி ஒரு சொல். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன் ஐப்பசித் திங்கள் சதய நாளில் பிறந்தவன். அக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஆயிரம் ஆண்டு கடந்தும் அவன் பிறந்த மீன் நமக்குத் தெரிகிறது. ஆண்டுதோறும் தஞ்சையில் சதய விழா நடக்கிறது. அது தக்கதே. உங்கள் பிறந்த நாளும் வீட்டில் எல்லோர்க்கும் தெரியும்; பாயசமோ அணிச்சலோ தவறாமல் வரும். ஒரு வகுப்பில் மாணவர்களிடம், "உங்கள் அம்மாவின் பிறந்த நாள் எது?" என்று கேட்டேன். விரைந்து விடை சொன்னவர் சிலரே. "பாட்டியின் பிறந்த நாள்?" என்று கேட்டபோது வகுப்பு அமைதியாயிற்று.

மறுநாள் ஒரு மாணவி, தன் பாட்டியைக் கேட்டு வந்ததாகச் சொன்னாள். "குறுவை அறுத்துக் களம் தூற்றின வாரம். ஆற்றில் வெள்ளம் வந்து ஊரைச் சுற்றிக்கொண்ட வருசம். தேதி யாருக்கு நினைவு?" என்றாராம் பாட்டி. அக்காலத்தில் பிறந்த நாள் தெரியாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு, தலைமையாசிரியரே உத்தேசமாக ஒரு தேதி எழுதிக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பலருடைய சான்றிதழ்களில் உள்ள தேதி அவ்வாறு வந்ததே. பள்ளிக்கே வராத அந்தப் பாட்டிக்கு அதுவும் வாய்க்கவில்லை. "அப்படியானால் நீங்களே ஒரு நாள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு, குறுவை அறுவடை முடியும் வாரத்தில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் களத்தில் வேலை இருக்கும், ஆகவே எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று கூறிச் சென்றாள்.